இடைத்தேர்தல் தேவையா? ஈரோடு கிழக்கில் நான்கு வருடத்துக்குள் நான்கு முறை வாக்களித்தவன் கேட்கிறேன்

கருங்கல்பாளையத்தான்:
2021 ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டேன். 2023 பிப்ரவரி 27 அன்று மறுபடி சட்டமன்றம். 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம். 2025 பிப்ரவரி 5 அன்று மீண்டும் சட்டமன்றம். நான்கு வருடம் முடிவதற்குள் நான்கு முறை விரலில் மை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் சட்டமன்ற உறுப்பினர் திருமகன் ஈவெரா 46 வயதில், 2023 ஜனவரி 4 அன்று இறந்தார். அந்த இடத்துக்கு அவருடைய அப்பா ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் நின்று ஜெயித்தார். 2024 டிசம்பர் 14 அன்று அவரும் போய்விட்டார். ஒரே சட்டமன்றக் காலத்தில் மகனையும் அப்பாவையும் பறிகொடுத்த தொகுதி எங்களுடையது. அரசியல் எப்படியோ போகட்டும், அந்த வீட்டை நினைத்தால் மனசு கனக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. 2023 தேர்தலின்போது என் அம்மாவுக்கு 71 வயது. ஒரு கட்சிக்காரர்கள் (பெயர் எழுத மாட்டேன்) தினமும் காலையில் தெருவுக்கு வேன் கொண்டு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார வைத்தார்கள். டீ, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் கையில் பணம். இன்னொரு கட்சியின் பிரச்சாரத்துக்கு யாரும் போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்று வேன் ஓட்டிய பையனே சொன்னான். அம்மா இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "பட்டியில அடைச்ச ஆடாட்டம் இருக்குது, நா வரல"ன்னு சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தறிக்குடோனில் வேலை இல்லாத நேரம், அவர் கடைசி நாள் வரை போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். உறுப்பினர் இறந்தால், மீதிக் காலத்துக்கு அதே கட்சி வேறொருவரை நியமிக்கட்டும். இடைத்தேர்தலே வேண்டாம். தப்பா?

விக்கிரவாண்டி வாசகர்:
உங்கள் அலுப்பு புரிகிறது. எங்கள் உறுப்பினர் புகழேந்தி 2024 ஏப்ரல் 6 அன்று இறந்தார். ஏப்ரல் 19 அன்று மக்களவை வாக்குப்பதிவு, ஜூலை 10 அன்று இடைத்தேர்தல். ஆட்காட்டி விரலில் ஏப்ரல் மை முழுசாக அழியாமல் சிலருக்கு இருந்ததால் இந்த முறை இடது கை நடுவிரலில் வைத்தார்கள். என் மனைவியின் நகத்தில் பழைய கோடும் புதிய கோடும் பக்கத்துப் பக்கத்து விரலில் ஒன்றாகத் தெரிந்தன.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அவ்வளவு சீக்கிரம் இன்னொரு தேர்தல் வந்தும் 82 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. எல்லாமே பணத்துக்காக விழுந்தது என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நீதிமன்ற வளாகம்:
சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் வைத்துவிடுகிறேன், பேச வசதியாக இருக்கும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 151ஏ. இது 1996-இல் சேர்க்கப்பட்டது. இடம் காலியான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். விலக்கு இரண்டு. ஒன்று, மீதிக் காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் வேண்டாம். இரண்டு, நடத்துவது கடினம் என்று மத்திய அரசுடன் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தால் தள்ளிப் போடலாம். இந்த இரண்டாவது விலக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேசுவோம்.

கருங்கல்பாளையத்து அண்ணா கேட்டபடி கட்சியே நியமிப்பதற்கு நம் அரசியலமைப்பில் இடமில்லை. நாம் கட்சிக்கு ஓட்டுப் போடுவதாக நினைத்தாலும் சட்டப்படி தேர்ந்தெடுப்பது ஒரு நபரைத்தான்.

வாத்தியார் (தேர்தல் பணி):
2023-இல் ஈரோடு கிழக்கில் பணியில் இருந்தேன். எந்தச் சாவடி என்று சொல்லவில்லை. வேட்பாளர்கள் 77 பேர், நோட்டாவோடு சேர்த்தால் 78. ஒரு பேலட் யூனிட்டில் (பட்டன் அழுத்தி ஓட்டுப் போடும் பெட்டி) 16 பட்டன்தான். ஆக ஐந்து பேலட் யூனிட். ஒரே மேசையில் வைக்க முடியாமல் பள்ளிக்கூட பெஞ்சு இரண்டை இழுத்து ஒட்டிப் போட்டோம். ஒன்றோடு ஒன்று வயர் கோத்து, வரிசை மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்த்து முடிக்கும்போது முந்தின நாள் இரவு பத்தாகிவிட்டது.

காலையில் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. எல்லா வேட்பாளர் பட்டனையும், நோட்டாவையும் குறைந்தது ஒரு முறையாவது அழுத்திக் காட்ட வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் விவிபேட்டில், அதாவது ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சடித்துக் காட்டும் இயந்திரத்தில், சீட்டு 7 விநாடி தெரிந்து விழும். 78 முறை. பிறகு கணக்கை ஒப்பிட்டு, அழித்து, அந்தச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும்.

மதியம் ஒரு பெரியவர் வந்தார். கண் சரியாகத் தெரியாது போல. மறைப்புக்குள் போய் முதல் இயந்திரத்திலிருந்து விரலை ஒவ்வொரு சின்னமாக நகர்த்திக்கொண்டே போகிறார். நான் உள்ளே பார்க்கக் கூடாது, அவர் கால் நகர்வது மட்டும் கீழே தெரிகிறது. ஒரு பெஞ்சு தாண்டினார், நின்றார், திரும்பி முதல் பெஞ்சுக்கே வந்தார். பீப் சத்தம் வருவதற்குள் வரிசையில் முணுமுணுப்பு. வெளியே வந்தவர் என்னிடம், "நான் தேடினது கெடச்சிருச்சுங்க சார்"னு சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணா, நியமனம் செய்தால் போதும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

பழைய செய்தித்தாள்:
வாத்தியார் சொன்ன 77 ஈரோட்டு மாவட்டத்துக்குச் சின்ன எண்ணிக்கை. 1996-இல் பக்கத்து மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள், பெரும்பாலும் விவசாயிகள், தங்கள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்ற ஆத்திரத்தில். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். அதன் பிறகுதான் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இப்போது 10,000.

ஜவுளிக்காரர்:
வியாபாரிகள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். நம் ஊர் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு ஆரம்பித்தால் செவ்வாய் முழுக்க. கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து சில்லறை வியாபாரிகள் பஸ்ஸிலும் ரயிலிலும் வருவார்கள். அவர்கள் கையில் ரொக்கம்தான் இருக்கும். தேர்தல் அறிவித்த அன்றே நடத்தை விதி வந்துவிடும், 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் கொண்டு போனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். பாலக்காட்டிலிருந்து பல வருடமாக என்னிடம் லுங்கி, துண்டு எடுக்கும் ஒருவர் செக்போஸ்ட்டில் 80 ஆயிரத்தை விட்டுவிட்டு வந்து என் கடையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் ரசீது, வங்கிக் கணக்கு எல்லாம் காட்டி வாங்குவதற்குள் அவருக்கு இரண்டு நடை. அதற்குப் பிறகு தேர்தல் முடியும்வரை அவர் வரவில்லை.

உண்மையாகப் பணம் கொடுப்பவன் செக்போஸ்ட் வழியாகவா கொண்டு வருகிறான்? அதுதான் எங்கள் வயிற்றெரிச்சல்.

குடியாத்தம்:
இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். கருங்கல்பாளையத்து அண்ணா, உங்களுக்குத் தேர்தல் அதிகமாகிப் போன வருத்தம். எங்களுக்கு அது வராமல் போன வருத்தம்.

கணக்கைப் பாருங்கள். 2016 மே மாதம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தோம். 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தாரே, அதில் எங்கள் உறுப்பினரும் ஒருவர். வழக்கு. இடைத்தேர்தல் அறிவிக்க உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு, அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தீர்ப்பு. கடைசியாக 2019 ஏப்ரல் 18 அன்று தேர்தல். அதே நாளில் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல் பணப் பட்டுவாடா விவகாரத்தில் இரண்டு நாள் முன்பு ரத்தாகிவிட்டது, அதனால் சட்டமன்றத்துக்கு மட்டும் ஓட்டுப் போட்டோம். மே மாதம் முடிவு வந்து காத்தவராயன் உறுப்பினரானார். 2020 பிப்ரவரி 28 அன்று அவர் இறந்துவிட்டார். அடுத்த மாதம் கொரோனா ஊரடங்கு. மீதிக் காலம் ஓராண்டுக்கு மேல் இருந்தும் இடைத்தேர்தல் நடக்கவில்லை. 2021 மே மாதம் பொதுத்தேர்தல் முடிவு வரும்வரை நாற்காலி காலி.

கூட்டிப் பாருங்கள். 20 மாதம், அப்புறம் 14 மாதம். 60 மாதத்தில் 34 மாதம் குடியாத்தத்துக்குச் சட்டமன்றத்தில் ஆள் இல்லை. தனித் தொகுதி இது. தீப்பெட்டியும் பீடியும் லுங்கித் தறியும் நம்பிப் பிழைக்கிற ஊர்.

2020 மே மாதம் எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மனு எழுதச் சொன்னார்கள். வேலை நின்றுபோய் இரண்டு மாதம், இலை வரவில்லை, நிவாரணப் பட்டியலில் சிலர் பெயர் இல்லை. நான்தான் எழுதினேன். "பெறுநர்" என்று போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். வழக்கமாக எம்.எல்.ஏ. பெயர் எழுதும் இடம் அது. ஒரு அம்மா கேட்டார், "எம்மெல்லே இல்லன்னா யாரு பேரு போடுவ?" வட்டாட்சியர் என்று போட்டேன். மனு கொடுத்தோம், கொஞ்சம் பேருக்குக் கிடைத்தது, கொஞ்சம் பேருக்கு இல்லை. சட்டமன்றம் கூடியபோது எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்க உள்ளே எங்கள் ஆள் யாரும் இல்லை.

கொரோனா நேரத்தில் தேர்தல் நடத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. திருவொற்றியூர் தொகுதியும் அப்படித்தான் காலியாகக் கிடந்தது. ஆனால் அந்த 34 மாதத்தை வாழ்ந்தவனுக்கு, "இடைத்தேர்தலே வேண்டாம்" என்ற வார்த்தை தொண்டையில் இறங்கவில்லை.

கருங்கல்பாளையத்தான்:
ஐயா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்களுக்கு இரண்டு முறையும் இரண்டு மாதத்துக்குள் தேர்தல் வந்துவிட்டது, அதனால் காலி நாற்காலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாமல் எழுதிவிட்டேன். ஆனால் கட்சி நியமித்திருந்தால் உங்களுக்கு அந்த 14 மாதமாவது மிஞ்சியிருக்குமே? அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

நல்லூர் ஆசிரியை:
நியமனம் எப்படி இருக்கும் என்று எங்களிடம் கேளுங்கோ. இலங்கையில் 1978 யாப்புக்கு (அரசியலமைப்புக்கு) பிறகு விகிதாசார முறை வந்தது. இப்போது ஒரு மாவட்ட உறுப்பினர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது. அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் உள்ளே போவார். அதிலாவது சனம் அவருக்கும் கொஞ்சம் வாக்குப் போட்டிருக்கும். தேசியப் பட்டியல் இடம் என்றால் கட்சி யாரைச் சொல்கிறதோ அவர்தான். செலவு இல்லை, நாற்காலி காலியாவதும் இல்லை, அது நன்மைதான். ஆனால் நடுவில் சனம் என்ன நினைக்கிறது என்று காட்ட ஒரு வழியும் இல்லை.

முந்தி அந்த வழி இருந்தது. 1972 யாப்பை எதிர்த்து தமிழர் தலைவர் தந்தை செல்வா (செல்வநாயகம்) காங்கேசன்துறை இடத்தை விட்டு விலகினார், தமிழ்ச் சனம் இந்த யாப்பை ஏற்கிறதா என்று இடைத்தேர்தல் வைத்துப் பாருங்கள் என்று அரசுக்குச் சவால் விட்டு. அரசு இரண்டு வருடத்துக்கும் மேல் தேர்தல் வைக்கவில்லை. 1975 பெப்ரவரி 6 அன்றுதான் வைத்தது. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். என்ர அம்மா அந்த வரிசையில் நின்றவ. உடம்புக்கு ஏலாமல் இருந்த செல்வநாயகத்தைப் பற்றி இண்டைக்கும் குரல் தழுதழுக்கத்தான் கதைப்பா. கட்சி ஆள் நியமிக்கும் முறை அன்றைக்கு இருந்திருந்தால் அந்தக் கேள்வியைச் சனத்திடம் கேட்டே இருக்க முடியாது.

பழைய செய்தித்தாள்:
ஆசிரியை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியாத்தம் தம்பி, உங்கள் ஊர் 1954-இல் நடத்தியதும் இடைத்தேர்தல்தான். காமராஜர் முதலமைச்சராகப் பதவியேற்றபோது சட்டமன்ற உறுப்பினர் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர். ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும். மேலவை வழியாக நுழைந்திருக்கலாம், அவர் மக்களிடம் போவேன் என்று குடியாத்தத்துக்கு வந்தார். பெரியார் ஆதரித்தார், கம்யூனிஸ்ட் கட்சி எதிர்த்து நின்றது, ஜெயித்தார். அந்த ஊர் பின்னால் 34 மாதம் ஆளில்லாமல் கிடந்தது என்பதைப் படிக்கும்போது மனம் ஒப்பவில்லை.

1973 மே மாதம் திண்டுக்கல். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று மக்களவை இடைத்தேர்தலில் ஜெயித்தார். ஆளுங்கட்சி மூன்றாம் இடத்துக்குப் போனது. இடைத்தேர்தல் என்றால் ஆளுங்கட்சிக்குத்தான் என்று யாராவது சொன்னால் நான் அந்த வருடத்தைச் சொல்வேன்.

கெட்டுப் போனதும் அதே இடைத்தேர்தலில்தான், மறுக்க மாட்டேன். 2009 ஜனவரியில் திருமங்கலம். ஆளுங்கட்சி 39,266 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு "திருமங்கலம் பார்முலா" என்ற சொல் தமிழில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. ஒரு ஊரின் பெயரை அப்படிக் கெடுத்தது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

தண்டையார்பேட்டை அக்கா:
எங்க ஆர்.கே. நகரை விட்டுவிட்டீங்களே! 2015 ஜூனில் இடைத்தேர்தல், 2016 மே பொதுத்தேர்தல், டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா அம்மா மறைவு. 2017 ஏப்ரல் 12 தேர்தல் என்று தேதி வைத்தார்கள். வருமான வரிச் சோதனையில் வாக்காளர்களுக்கு 89 கோடி ரூபாய் பிரித்துக் கொடுக்கும் கணக்கு என்று காகிதங்கள் சிக்கி, மூன்று நாள் இருக்கும்போது ராத்திரியோடு ராத்திரியாக ரத்து. டிசம்பர் 21 அன்றுதான் நடந்தது. குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சி தோற்றது, பெரிய எதிர்க்கட்சிக்கு டெபாசிட் போனது.

என் வருத்தம் இதுதான். ரத்து செய்த அந்த ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவில் எட்டு மாதம் எங்கள் தொகுதிக்கு ஆள் இல்லை. பணம் கொடுத்தவருக்கு என்ன தண்டனை கிடைத்தது? காத்திருந்தது நாங்கள்தானே? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தினமும் நின்று சாகிறோம், அதைக் கேட்க ஒரு வருடத்துக்கு மேல் சட்டமன்றத்தில் குரல் இல்லை.

விக்கிரவாண்டி வாசகர்:
புறக்கணிப்பைப் பற்றி யாருமே பேசவில்லை. 2024-இல் எங்கள் ஊரில் பிரதான எதிர்க்கட்சி நிற்கவில்லை. 2025-இல் ஈரோட்டிலும் அப்படியே. இது ஒரு கட்சியின் பழக்கம் இல்லை. 2009-இல் ஐந்து தொகுதிகளில் அ.தி.மு.க. ஒதுங்கியது, 2012-இல் புதுக்கோட்டையில் தி.மு.க. ஒதுங்கியது. ஆளுங்கட்சி அதிகாரத்தைப் பயன்படுத்துகிறது என்று இரு பக்கமும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள். காரணம் உண்மையாகவே இருக்கட்டும். நான் யாருக்கு ஓட்டுப் போட நினைத்தேனோ அவர் பட்டியலிலேயே இல்லை என்றால் நான் என்ன செய்வது?

கருங்கல்பாளையத்தான்:
இதை நான் நேரில் பார்த்தேன். 2023-இல் 1,10,156-க்கு 43,923 என்று இருந்த போட்டி 2025-இல் 1,15,709-க்கு 24,151 ஆனது. இரண்டாம் இடத்துக்கே டெபாசிட் போய்விட்டது. நோட்டாவுக்கு 6,109. முதல் இடைத்தேர்தலில் 75 சதவீதத்தைத் தொட்ட வாக்குப்பதிவு இதில் 68-க்கு இறங்கியது. இந்த முறை தெருவுக்கு வேன் வரவில்லை. அது நிம்மதி. ஆனால் ஓட்டுக் கேட்டுக்கூட யாரும் இரண்டாம் தடவை வரவில்லை, சாக்கடையைப் பற்றி யாரிடம் கேட்பது? 2023-இல் ஒரே வாரத்தில் எங்கள் சந்துக்குத் தார் போட்டவர்கள், போட்டி இல்லை என்றதும் எட்டிப் பார்க்கவில்லை. பணமும் போட்டியும் ஒரே கதவு வழியாகத்தான் வருகிறது போலிருக்கிறது, எனக்குப் போட்டி மட்டும் வேண்டும்.

நீதிமன்ற வளாகம்:
இறப்பால் வரும் காலியிடமும் ராஜினாமாவால் வரும் காலியிடமும் ஒன்றல்ல. 2019-இல் நாங்குநேரி காலியானது அதன் உறுப்பினர் மக்களவைக்குப் போனதால். 2024-இல் விளவங்கோடு காலியானது அதன் உறுப்பினர் கட்சி மாறி விலகியதால். ஒருவர் இரண்டு தொகுதியில் நின்று இரண்டிலும் ஜெயித்து ஒன்றை விட்டாலும் இப்படித்தான். 1996-க்கு முன்பு எத்தனை தொகுதியில் வேண்டுமானாலும் நிற்கலாம், அதன் பிறகு இரண்டு என்று வரம்பு. ஒரு தொகுதி என்றே ஆக்குங்கள், முடியாவிட்டால் இடைத்தேர்தலுக்குக் காரணமானவரிடம் சட்டமன்றத்துக்கு 5 லட்சம், மக்களவைக்கு 10 லட்சம் வாங்குங்கள் என்று தேர்தல் ஆணையமே 2004-இல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சொன்ன இரண்டாவது விலக்குக்கு வருகிறேன். "நடத்துவது கடினம்" என்று சான்றளிக்கலாம் என்பதோடு சட்டம் நிறுத்திவிடுகிறது. எத்தனை மாதம் தள்ளலாம், எப்போது மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. குடியாத்தம் விழுந்தது அந்த ஓட்டையில். அறிவிக்கை வந்த நாளிலிருந்து வாக்குப்பதிவுக்குச் சட்டப்படி நான்கு வாரம் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆணையம் மறுபரிசீலனை செய்து காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்டையார்பேட்டை அக்கா:
ரத்து செய்தாலும் அதேபோல மறு தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்க சார்.

கருங்கல்பாளையத்தான்:
முதல் பதிவில் நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அழிக்கவில்லை, கீழே வந்த பதில்களுக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்பதால் அப்படியே விடுகிறேன். சார், அந்த ஒரு வரியையும் அக்கா சொன்னதையும் சேர்த்து ஒரு மனுவாக எழுதித் தர முடியுமா? ஆணையத்துக்கு அனுப்பலாம். இங்கே எழுதிய எல்லோரும் அவரவர் தொகுதிப் பெயரோடு கையெழுத்துப் போடலாம். என் அம்மாவும் போடுவார், கேட்டுவிட்டேன்.

நீதிமன்ற வளாகம்:
ஞாயிற்றுக்கிழமைக்குள் வரைவை இங்கேயே போடுகிறேன். குடியாத்தம் ஐயா, அந்த 34 மாதக் கணக்கைத் தேதிவாரியாக எனக்கு ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மனுவில் முதல் பத்தி அதுதான்.

குடியாத்தம்:
அனுப்புகிறேன் சார். அன்றைக்கு மனு எழுதச் சொன்ன பீடி சுற்றும் அம்மாக்களில் எட்டுப் பேர் இப்போதும் இதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடமும் கையெழுத்து வாங்கி வைக்கிறேன்.